நாற்காலியும் தரையும் ஒரே படத்தில்

2021 செப்டம்பர் 24-ஆம் தேதி, கண்ணகி – முருகேசன் கொலை வழக்கில் 13 பேர் குற்றவாளிகள் என்று கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு ஆறு வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் 2-ஆம் தேதி ‘ஜெய்பீம்’ படம் வந்தது. அந்தக் கொலையும், படம் சொன்ன ராஜாக்கண்ணுவின் லாக்கப் மரணமும், இரண்டுமே எங்கள் கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நடந்த கொடுமைகள். வடலூர் நாலு ரோட்டில் பஸ் ஏறினால் ஒரு பகல் பொழுதுக்குள் இரண்டு ஊரையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். ஆனால் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ராஜாக்கண்ணு யாரென்று சொல்வார்கள். முருகேசனைப் பற்றிக் கேட்டால், “எந்த முருகேசன் டீச்சர்?” என்பார்கள்.

முருகேசன் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படித்த தலித் இளைஞர், புதுக்கூரைப்பேட்டைக்காரர். அதே ஊரில் வன்னியர் குடும்பத்தில் பிறந்த கண்ணகியைக் காதலித்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். 2003 ஜூலை 8-ஆம் தேதி இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். ஊரறிய நடந்த கொலை. வழக்கு சி.பி.ஐ.க்குப் போய்த் தீர்ப்பு வருவதற்குள் பதினெட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. தண்டனை பெற்றவர்களில் கண்ணகியின் அப்பாவும் அண்ணனும் உண்டு, இரண்டு போலீஸ் அதிகாரிகளும் உண்டு. இத்தனை கனமான தீர்ப்பு வந்தும், ‘ஜெய்பீம்’ போல ஊரெல்லாம் பார்த்த ஒரு படம் இதற்கு வாய்க்கவில்லை. அதனால் எங்கள் தெருவைப் பொறுத்தவரை அது நடக்காத சம்பவம்.

ஒரு கொடுமை மக்கள் மனதில் பதிய வேண்டுமானால் அதற்கு நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் போதாது, கதையும் வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. அதற்கு அடுத்த கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. கதையைக் கேட்டுக் கண்ணீர் விடுகிறோமே, அதனால் எதைப் புரிந்துகொள்கிறோம்?

இந்தக் கேள்விக்கு எங்கள் மாவட்டத்தைவிடப் பழைய சோதனைக்கூடம் தமிழ்நாட்டில் இல்லை. நந்தனார் கதையை எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக இங்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் சொன்னவர் சேக்கிழார், 12-ஆம் நூற்றாண்டில். பெரிய புராணம் சிதம்பரத்திலேயே அரங்கேறியது என்பது மரபு. திருநாளைப்போவார் என்ற பெயரில் வரும் நந்தனார், கொள்ளிடக் கரையில் ஆதனூர் புலைச்சேரியில் பிறந்தவர். கோயில் முரசுக்குப் போர்த்தத் தோல் கொடுப்பார், இழுத்துக் கட்ட வார் கொடுப்பார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுப்பார். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் போகும், கொடுத்தவர் போக முடியாது. கடைசியில் தில்லைக்கு வருகிறார், எல்லையிலேயே நின்றுவிடுகிறார். இறைவன் கனவில் வருகிறார். தில்லைவாழ் அந்தணர்கள் தெற்கு வாசலுக்கு வெளியே தீ வளர்க்கிறார்கள். அதில் இறங்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்து, உள்ளே போய் மறைகிறார்.

அந்தக் கதையில் கெட்டவர் ஒருவர்கூட இல்லை. நந்தனாரை யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. தீ வளர்த்தவர்களும் கும்பிட்டுக்கொண்டே வளர்க்கிறார்கள். வெளியே நிற்பவர் தன் பிறப்பை நொந்துகொள்கிறார், அவ்வளவுதான்.

அடுத்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். மாயவரம் பக்கத்து ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860-களின் தொடக்கத்தில் அச்சேறியது, காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் உதவியோடு. அதற்குச் சிறப்புப் பாயிரம் கேட்டு மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனபோது, இலக்கணப் பிழை மலிந்திருக்கிறது என்று பிள்ளை பிடிகொடுக்காமல் இருந்ததையும், பாரதியார் பாடக் கேட்டு உருகிய பிறகே கொடுத்ததையும் உ.வே.சா. எழுதியிருக்கிறார். பிள்ளை பார்த்தது இலக்கணத்தை. பாரதியார் செய்திருந்ததோ வேறொரு பெரிய மீறல். சேக்கிழாரில் இல்லாத ஒருவரை அவர் கதைக்குள் கொண்டுவந்தார், பண்ணையார் வேதியரை. நந்தன் சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான். வேதியர் மறுக்கிறார். நாற்பது வேலி நிலத்தை ஒரே ராத்திரியில் நட்டு அறுத்துவிட்டுப் போ என்கிறார். பூதகணங்கள் வந்து முடித்துக்கொடுக்கின்றன.

பக்திக் கதைக்குள் கூலி நுழைந்தது அன்றைக்குத்தான். கோயில் வாசல் சாத்தியிருப்பதற்கும் வயல் வேலைக்கும் சம்பந்தம் உண்டு என்று தஞ்சாவூர், தென்னார்க்காடு ஜில்லாக்களின் கேட்போருக்கு ஒரு கீர்த்தனை எடுத்துச் சொன்னது. பண்ணையாள் முறை தலைவிரித்தாடிய காலத்தில் இது சின்ன விஷயமில்லை. முதல் முறையாக, தடுத்தவனுக்கு ஒரு முகம் கிடைத்தது.

பிறகு கதாகாலட்சேபம், நாடகம், சினிமா. 1935-இல் வந்த படத்தில் நந்தனார் கே.பி. சுந்தராம்பாள், சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். 1942-இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனார், செருகளத்தூர் சாமா வேதியர். காந்தி 1927-இல் சிதம்பரம் வந்தபோது நந்தனாரைச் சத்தியாக்கிரகிக்கு உதாரணமாகப் பேசினார். அயோத்திதாசர் இந்தக் கதையே திரிக்கப்பட்டது, நந்தன் பௌத்த அரசன் என்றார். புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ எழுதினார், இந்திரா பார்த்தசாரதி ‘நந்தன் கதை’ நாடகம் எழுதினார். 2024-இல் இரா. சரவணன் இயக்கி சசிகுமார் நடித்த படத்துக்கும் பெயர் ‘நந்தன்’தான். அதில் தனித் தொகுதி ஊராட்சித் தலைவராக ஒருவரை நிறுத்தி ஜெயிக்க வைத்துப் பொம்மையாக ஆட்டுவிக்கிறார்கள்.

இத்தனை பேர் சொல்லியும் மக்கள் மனதில் ஒட்டிக்கொண்டது அழுகைதான். நந்தனார் என்றதும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் “என்ன பக்தி, என்ன பக்தி” என்பார்கள். ‘என்ன அநியாயம்’ என்று யாராவது சொல்வார்களா என்று காத்திருந்து பார்த்திருக்கிறேன். அபூர்வம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பள்ளி ஆண்டு விழா ஒன்றுக்கு நந்தனார் நாடகம் போட்டபோது தெரிந்துகொண்டேன். நெய்வேலிக்கும் சேத்தியாத்தோப்புக்கும் நடுவே ஒரு கிராமத்துப் பள்ளி. நந்தன் வேஷத்துக்கு நல்ல குரலுள்ள ஒரு பையனைத் தேர்ந்தெடுத்தேன். மறுநாள் காலையில் ப்ரேயர் முடிவதற்குள் அவன் அம்மா வந்து நின்றார். “கோச்சிக்காதீங்க டீச்சர். எங்க புள்ளைக்கு அந்த வேஷம் வேணாம். நாளைக்கு ஊர்ல அந்தப் பேரச் சொல்லியே கூப்புடுவானுங்க.” ஊர்த்தெரு அம்மா. அவர் பயம் அவருக்கு.

சரி என்று காலனியிலிருந்து வரும் ஒரு பையனைக் கூப்பிட்டேன். எட்டாம் வகுப்பு, துடியான பிள்ளை. அவனும் தலையை ஆட்டினான். “நந்தனா நான் நடிக்கல டீச்சர். எப்பவும் நாங்களே ஏன் கும்புட்டுக்கிட்டு நிக்கணும்? என்னைய ஐயரா போடுங்க.”

போட்டேன். நந்தன் வேஷத்தை ஒரு பெண் பிள்ளைக்குக் கொடுத்தேன். சுந்தராம்பாள் நடித்த வேஷம்தானே என்று சொன்னதும் மற்ற ஆசிரியர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

ஒத்திகையில் அந்தப் பையனுக்கு நான் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான், கால்மேல் கால் போட்டான். நந்தன் கெஞ்சும்போது அவளைப் பார்க்கவே இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துப் பேசினான். “போவலாம், போவலாம். மொதல்ல வேலைய முடி.” அவ்வளவு நிதானம், அவ்வளவு அலட்சியம். வேதியருக்கு நான் எழுதிக்கொடுத்த வசனம் வேறு, அதையெல்லாம் அவன் மறந்தே போனான். “இதெல்லாம் எங்கடா கத்துக்கிட்ட?” என்றேன். “எங்கப்பா கூலி வாங்கப் போவாரு டீச்சர். நானும் கூடப் போவேன்” என்றான்.

ஆண்டு விழா அன்று நந்தன் அழுதபோது முன்வரிசையும் சேர்ந்து அழுதது. வேதியர் பேசியபோது அங்கே ஒரு சத்தம் இல்லை. விழா முடிந்து சாமியானா பிரிக்கும் நேரத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். “நாடகம் நல்லாத்தான் இருந்துச்சி டீச்சர். ஆனா அந்தப் பையனுக்கு அவ்ளோ நேரம் குடுத்திருக்க வேணாம்” என்றார்.

வேதியரைக் குடுமியும் பூணூலுமாகக் காட்டியிருந்தால் அவருக்கு ஒரு சங்கடமும் வந்திருக்காது. எங்கள் பக்கத்து நிலங்களில் இன்றைக்குக் கூலி கொடுப்பவர் வேதியர் இல்லை. மேடையில் ஐயரைப் பார்த்தால், “பாரு, அந்தக் காலத்துல எப்படி ஆட்டிப்படைச்சாங்க” என்று நிம்மதியாக உச்சுக்கொட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்தப் பையன் துண்டை உதறிய விதம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் விதமாக இருந்தது. அதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

என் கட்சி இதுதான். அநியாயத்தைப் பற்றிய நம் கலைகள் வெளியே நிற்பவரைக் காட்டுவதில் தேர்ந்தவை. உள்ளே உட்கார்ந்திருப்பவரைக் காட்டும்போதுதான் கை நடுங்குகிறது. அதனால் நம்மிடம் இரக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. பொறுப்புக்குத்தான் ஆளில்லை.

‘ஜெய்பீம்’ படத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1993-இல் முதனையைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்பவரைத் திருட்டுக் குற்றம் சொல்லிக் கம்மாபுரம் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அடித்தே கொன்றுவிட்டு, தப்பியோடிவிட்டார் என்றது. அவர் மனைவி விடவில்லை. மார்க்சிஸ்ட் தோழர்கள் துணை நின்றார்கள். வழக்கறிஞர் சந்துரு ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றம் போனார். உண்மை வெளியே வந்தது. இருபத்தெட்டு வருஷம் கழித்து இயக்குநர் ஞானவேல் அதைப் படமாக எடுத்தார். வீட்டுக்கு வீடு போனில் பார்த்து அழுதோம். படம் வந்த அதே வாரத்தில் முதல்வர் பூஞ்சேரிக்குப் போய் இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். ஒரு சினிமாவால் இது முடியும் என்றால், அதைக் குறைத்துப் பேச எனக்கு வாயில்லை.

ஆனால் எங்கள் மாவட்டத்தில் வாதம் எதைப் பற்றி நடந்தது தெரியுமா? ஒரு காலண்டரைப் பற்றி. படத்தில் வரும் உதவி ஆய்வாளர் வீட்டுச் சுவரில் அக்கினிக் குண்டம் போட்ட காலண்டர் தொங்கியது. அது வன்னியர் சங்கத்தின் சின்னம். நிஜ வழக்கின் அதிகாரி அந்தச் சமூகமே இல்லை, எங்களை வேண்டுமென்றே குற்றவாளியாக்குகிறார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. படக்குழு காலண்டரை மாற்றியது, இயக்குநர் வருத்தம் தெரிவித்தார். அதோடு முடியவில்லை. 2022 மார்ச்சில், ‘ஜெய்பீம்’ படத்தில் நடித்த சூர்யாவின் அடுத்த படத்தைக் கடலூர் மாவட்டத் தியேட்டர்களில் போடக்கூடாது என்று பா.ம.க.வினர் கடிதம் கொடுக்கும் வரை போனது.

அந்த எதிர்ப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நிஜ வழக்கை எடுக்கிறவர், செய்யாத ஒருவர் வீட்டு அடையாளத்தைச் செய்தவன் வீட்டுச் சுவரில் மாட்டக்கூடாது. அதே அளவுகோலை எல்லோருக்கும் வைக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். நிஜத்தில் ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர், படத்தில் இருளராக மாற்றிவிட்டார்கள். அதைக் கேட்டுக் குறவர்கள் வருத்தப்பட்டபோது எத்தனை பேர் காதில் வாங்கினோம்? அடித்தவர் பக்கத்து அடையாளம் ஒரு சில நொடி தவறாக வந்ததற்கு ஊரே பேசியது. அடிபட்டவர் பக்கத்து அடையாளம் படம் முழுக்க மாறியிருந்தது, அது வேறு யாருக்கும் உறுத்தவில்லை.

இந்த இடத்தில் இன்னொரு படத்தைப் பேச வேண்டும். சினிமாப் படம் இல்லை, யாரோ எடுத்த ஒரு போட்டோ. 2020 அக்டோபரில் அது வெளியே வந்தது. புவனகிரிப் பக்கம் தெற்குத் திட்டை ஊராட்சிக் கூட்டம். மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊராட்சித் தலைவரான தலித் பெண் தரையில் உட்கார்ந்திருக்கிறார். கொடியேற்றக்கூட விடவில்லை என்று பிறகு அவர் சொன்னார். ஊராட்சிச் செயலரை மாவட்ட நிர்வாகம் இடைநீக்கம் செய்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு வந்தது.

தலித் ஊராட்சித் தலைவர்களை நடத்தும் விதத்தைப் பற்றி அதற்கு முன்னால் எத்தனையோ அறிக்கைகள் வந்திருக்கின்றன. காட்டுமன்னார்கோயில்காரர் இளையபெருமாள் தலைமையில் இந்திய அரசு அமைத்த குழு, தீண்டாமை பற்றி நாடு முழுக்க விசாரித்து 1969-இலேயே அறிக்கை கொடுத்தது. அறிக்கைகள் சாதிக்காததை அந்த போட்டோ ஒரே நாளில் சாதித்தது. அதில் அழும் முகம் இல்லை, ரத்தம் இல்லை, அடி இல்லை. நாற்காலியும் தரையும் ஒரே சட்டத்துக்குள் இருந்தன. தரையில் இருந்தவரை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருந்தால், பாவம், ஏழைப் பெண் என்று கடந்துபோயிருப்போம். எதிரே நாற்காலியில் இருந்தவர்களும் தெரிந்ததால்தான் கேள்வி பிறந்தது.

அமெரிக்காவில் 1957 செப்டம்பரில் எடுத்த ஒரு போட்டோவும் இப்படித்தான். ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்கு முதல்நாள் போன எலிசபெத் எக்ஃபோர்டு என்ற கறுப்பினப் பெண் புத்தகத்தோடு தனியாக நடந்து வருகிறாள். பின்னால் அவள் வயதுள்ள வெள்ளைப் பெண் ஒருத்தி வாயைக் கிழித்துக்கொண்டு கத்துகிறாள். உலகம் மறக்காமல் இருப்பது இரண்டு முகங்களையும்தான். கத்திய பெண் சில ஆண்டுகளில் எலிசபெத்துக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். தன் முகத்தைத் தானே பார்க்க நேர்ந்தவருக்குத்தான் அந்த வாய்ப்பு கிடைக்கும்.

நம் சினிமாவும் நாற்காலியைக் காட்டாமல் இல்லை. தொண்ணூறுகளில் வேறெதையும் காட்டியதே இல்லை எனலாம். ‘சின்ன கவுண்டர்’, ‘தேவர் மகன்’, ‘எஜமான்’, ‘நாட்டாமை’ என்று வரிசையாக வந்தன. ஆலமரத்தடி, பெரிய மீசை, தோளில் துண்டு, சொன்னால் சொன்னதுதான். என் மாணவர்கள் ஆண்டு விழாவில் அந்தப் பாட்டுக்கெல்லாம் துண்டைச் சுழற்றி ஆடினார்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஆடினார்கள். நியாயம் என்றால் நாற்காலியில் இருப்பவர் நல்லவராக இருப்பது என்று அந்தப் படங்கள் கற்றுக்கொடுத்தன. நாற்காலி ஏன் ஒரே வீட்டில் இருக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை. ‘தேவர் மக’னில் கையை இழந்த இசக்கியாக வந்தவர் வடிவேலு. அதே வடிவேலு முப்பது வருஷம் கழித்து மாரி செல்வராஜின் ‘மாமன்ன’னில் தனித் தொகுதி எம்.எல்.ஏ.வாக வந்து, கட்சிக்காரர் வீட்டில் உட்காராமல் நிற்கிறார். மகன் உட்காரச் சொல்கிறான். அவர் உட்காருவதற்குள் நமக்கு மூச்சு முட்டுகிறது. ஒரு மனிதர் நாற்காலியில் உட்காருவதைச் சண்டைக் காட்சி போலப் பார்க்க வைத்த படம் அது. அந்தப் பிள்ளைகளுக்குத் துண்டைச் சுழற்றக் கற்றுக்கொடுத்த சினிமா, இந்தப் பாடத்தையும் நடத்துகிறது. மகிழ்ச்சி.

“இப்படியெல்லாம் படம் எடுத்தால் ஆறிப்போன புண்ணைக் கிளறுகிறார்கள், சாதியை மறந்திருந்த பிள்ளைகளுக்கு நினைவூட்டுகிறார்கள்” என்று என் கூடவே வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். மறந்திருந்த பிள்ளைகள் யார் என்று மட்டும் நான் கேட்பேன். வேஷம் வேண்டாம் என்று மகனுக்காக வந்து நின்ற அந்த அம்மாவுக்கு எந்தப் படமும் நினைவூட்டவில்லை. அப்பா கூலி வாங்கப் போகும்போது கூடப் போன பையனுக்கும் நினைவூட்டத் தேவையிருக்கவில்லை. அவர்களுடைய புண் ஆறவே இல்லை. ஆறிவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் படம் தேவைப்படுகிறது.

அதே மூச்சில் ஒன்றையும் சொல்ல வேண்டும். அடிபடுவதை நீள நீளமாகக் காட்டும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. லாக்கப்பில் ஒரு மனிதனைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அடிப்பதை அத்தனை நேரம் பார்த்தால் பார்ப்பவர் மனம் மரத்துப்போகும், அல்லது அழுது தீர்த்துவிட்டுக் கடமை முடிந்தது என்று எழுந்துபோகும். அந்த நிமிஷங்களில் பாதியை, பொய் எப்.ஐ.ஆர். எழுதிய கைக்குக் கொடுத்திருக்கலாம். யார் சொல்லி எழுதினார், யார் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார், மேலதிகாரி எப்போது கண்ணை மூடிக்கொண்டார் என்பதெல்லாம் அடியைவிடப் பயங்கரமான காட்சிகள்.

வடலூரில் இருந்துகொண்டு வள்ளலாரைச் சொல்லாமல் விட முடியுமா? அவர் 1867-இல் ஏற்றிய அடுப்பு தருமசாலையில் இன்றும் அணையாமல் எரிகிறது. தைப்பூசத்துக்கு வருகிறவர்கள் எந்த ஊர், எந்தச் சாதி என்று கேட்பாரில்லாமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எங்களுக்கு அது பெருமை. வெள்ளாடை போர்த்திய அவர் படம் இல்லாத கடை எங்கள் ஊரில் கிடையாது. ஆனால் சாதியையும் குலத்தையும் சாத்திரச் சழக்குகளையும் நேருக்கு நேர் சாடிய அவருடைய பாட்டுகள் ஆறாம் திருமுறையில் இருக்கின்றன. அது அவர் மறைந்து பதினோரு ஆண்டுகள் கழித்து 1885-இல்தான் அச்சில் வந்தது. இன்றைக்கும் திருவிழா ஒலிபெருக்கிகளில் என் காதில் அதிகம் விழுவது உருக்கமான பாட்டுகள்தான். பசித்தவரைக் கண்டு அவர் வாடியது ஊருக்கெல்லாம் தெரியும். யாரைப் பார்த்து அவர் கோபப்பட்டார் என்று என் வகுப்பில் கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் விழிப்பார்கள். நந்தனாருக்குச் செய்ததையே வள்ளலாருக்கும் செய்துவிட்டோம். கருணையை எடுத்துக்கொண்டோம், குற்றச்சாட்டைக் கழித்துவிட்டோம்.

கதையைக் கேட்டு அழாமல் வேலையில் இறங்கிய ஒருவரும் இந்த மண்ணில் உண்டு. சுவாமி சகஜானந்தர். ஆரணிப் பக்கத்தில் 1890-இல் பிறந்தவர், சிதம்பரத்துக்கு வந்து 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். நந்தனார் தீயில் இறங்கிய இடம் என்று சொல்லப்படும் ஓமக்குளத்தில் மடமும் பள்ளியும் எழுந்தன. கோயிலுக்குள் போக முடியாத பிள்ளைகள் வகுப்பறைக்குள் போனார்கள். சட்டமன்றத்துக்கும் போய்ப் பேசினார். நெருப்பில் குளித்தால்தான் உள்ளே விடுவோம் என்ற கதைக்கு, நெருப்பு எதற்கு, எழுத்துப் போதும் என்று எழுதிய மறுபதிப்பு அந்தப் பள்ளி. நந்தன் கதையைச் சொன்னவர்களில் எனக்குப் பிடித்த ஆசிரியர் அவர்தான்.

பத்திரிகைகளுக்கும் ஒரு வார்த்தை. “இரு தரப்பினர் மோதல்” என்ற தலைப்பை நான் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். யார் யாரை அடித்தார் என்று செய்தியைப் படித்துக் கண்டுபிடித்துத் தலைப்பை மாற்றி எழுதுங்கள் என்பேன். பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். காலனிக்குள் புகுந்து நாற்பது வீட்டுக் கூரையைப் பிரித்தாலும் மோதல், காதலர்களைக் கொன்றாலும் மர்ம மரணம் என்று எழுதுவது சிக்கனம் இல்லை, ஒளிப்பது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு முடிந்தது தலைமை உதவி ஆசிரியருக்கு முடியாதா? கண்ணகி – முருகேசன் வழக்கின் தீர்ப்பு நாளன்று ஒரு நாள் கட்டம் கட்டிப் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டீர்களே, 2025-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தபோது மறுபடி அந்த ஊருக்குப் போய்ப் பார்த்து எழுதியவர்கள் எத்தனை பேர்?

பள்ளிகளுக்கு என் வேண்டுகோள் எளியது. எங்கள் மாவட்டப் பிள்ளைகளுக்கு நந்தனாரைச் சொல்லும் அன்றைக்கே சகஜானந்தரையும் இளையபெருமாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். தீயோடு கதை முடிந்தால் அது பக்திப் பாடம். பள்ளிக்கூடத்தோடும் 1947-இன் கோயில் நுழைவுச் சட்டத்தோடும் முடிந்தால் வரலாற்றுப் பாடம்.

இயக்குநர்களுக்கு வேண்டுகோள் கொஞ்சம் கடினம். எங்கள் ஊர்க் கதைகளைத் தேடி வருகிறீர்கள், வாருங்கள். வந்தால் அடிபட்டவர் பெயரையும் சமூகத்தையும் மாற்றாதீர்கள். அடித்தவரை ஊளையிடும் மிருகமாகக் காட்டாதீர்கள், எங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லை, அதனால் யாருக்கும் உறைக்காது. அவர் மகளுக்குப் பீஸ் கட்டுவார், தைப்பூசத்துக்கு அன்னதானம் போடுவார், எங்களோடு கல்யாணத்தில் பக்கத்து இலையில் சாப்பிடுவார். புதுக்கூரைப்பேட்டைக் கொலையை யாராவது படமாக எடுத்தால், கண்ணகிக்கும் முருகேசனுக்கும் பாதிப் படம் கொடுங்கள் போதும். மீதிப் பாதியில், தங்கையைக் கொல்லும் அளவுக்குப் போக ஓர் அண்ணனுக்கு யார் யார் சொல்லிக்கொடுத்தார்கள், எந்தத் திண்ணையில், எத்தனை வருஷமாக என்று காட்டுங்கள். அந்தத் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் டிக்கெட் எடுத்து வந்து பார்க்கட்டும்.